கேனனா, நிக்கானா, சோனியா: முதல் கேமரா வாங்கப்போகும் கடலூர்த் தங்கைக்கு

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார். அப்பா 60,000 ரூபாய் வரை தருவதாகச் சொல்லியிருக்கிறாராம். கேனன் 1500டி, நிக்கான் டி3500, சோனி ஏ6000 என்று மூன்றைக் குறித்து வைத்திருக்கிறார். கேனனில் நிறம் அழகு, நிக்கானில் கூர்மை அதிகம், இனிமேல் சோனிதான் என்று ஆளுக்கொன்று சொல்லிக் குழப்பிவிட்டார்கள். அவர் எடுக்க நினைப்பது மாசி மகம், வீட்டு விசேஷங்கள், புதுச்சேரிக்குப் பக்கத்து ஊசுட்டேரிப் பறவைகள், அப்புறம் பாட்டி சமைப்பதைப் பேச்சோடு வீடியோவாக. மாமா வீட்டில் பல வருடங்களுக்கு முன் வாங்கிய நிக்கான் பிலிம் கேமராவும் அதன் 50 எம்எம் 1.8டி லென்ஸும் சும்மா கிடக்கின்றன, அதற்காக நிக்கான் பக்கம் போகலாமா என்பது கடைசிக் கேள்வி.

நான் புதுச்சேரியில் 22 வருடமாகக் கல்யாணம், காதுகுத்து, கோயில் விழா என்று படம் எடுத்துப் பிழைக்கிறவன். மூன்று கம்பெனிக் கேமராக்களையும் கையில் வைத்து வேலை பார்த்திருக்கிறேன். இந்தக் கேள்வியை மாதம் இரண்டு பேராவது என்னிடம் கேட்கிறார்கள். இவர் என்ன எடுக்கப்போகிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருப்பதால்தான் விரிவாகப் பதில் சொல்ல முடிகிறது. "எது பெஸ்ட்?" என்று மட்டும் கேட்டால் என்னிடம் பதில் கிடையாது.

முதலில் அந்த நிறம், கூர்மை வழக்கை முடித்துவிடலாம். மூன்றுமே ஏறக்குறைய 24 மெகாபிக்சல். அதாவது அகலத்தில் 6000 புள்ளி, உயரத்தில் 4000 புள்ளி. அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற நல்ல அச்சுக் கணக்கில் பார்த்தால் 20-க்கு 13 அங்குலப் படம் தாராளமாக வரும். கல்யாண ஆல்பத்தின் ஒரு பக்கம் பெரும்பாலும் 12-க்கு 18 அங்குலம். ஒரு முறை நானும் நண்பர் ஒருவரும் ஒரே கொலுவை, ஒரே வெளிச்சத்தில், 1500டி-யிலும் டி3500-லும் எடுத்து அந்த அளவில் பிரிண்ட் போட்டோம். லேபில் நாள் முழுக்கப் படம் பார்க்கிறவர்களிடம் காட்டினோம். எது எந்தக் கேமரா என்று ஒருவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

கேனன் நிறம் என்று சொல்வது, கேமரா தானாகச் சமைத்துக் கொடுக்கும் ஜேபெக் படத்தின் நிறம். ஒரே மாவை இரண்டு வீட்டில் தோசை வார்ப்பது போலத்தான். கேனன் முகத்தில் கொஞ்சம் சிவப்பை ஏற்றித் தரும். நிக்கானில் பிக்சர் கன்ட்ரோல், ஒயிட் பேலன்ஸ் என்ற நிற அமைப்புகளை இரண்டு படி நகர்த்தினால் அதே இடத்துக்கு வந்துவிடலாம். நம் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் எந்தக் கம்பெனி பொருத்தம் என்று கேட்பார்கள். அங்கே முகத்தைக் கெடுப்பது மண்டபத்து டியூப்லைட்டும் பச்சை சீரியல் பல்பும். கம்பெனியைக் குறை சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

ஆனால் வித்தியாசமே இல்லை என்று சொல்லவில்லை. நம் கரையில் இருக்கிறவர்களுக்கு உண்மையாகவே உறைக்கிற வித்தியாசம் ஒன்று உண்டு. அதைக் கடைக்காரர்கள் சொல்லி நான் கேட்டதில்லை.

மாசி மகத்தை நினைத்துப் பாருங்கள். தேவனாம்பட்டினமோ எங்கள் வைத்திக்குப்பமோ, எங்கே போனாலும் கடல் கிழக்கே. காலையில் சூரியன் கடலுக்கு மேலே நிற்கிறது. சுற்று வட்டாரத்துச் சாமிகள் எல்லாம் கரைக்கு வந்திருக்கின்றன. தீர்த்தவாரி நடக்கும்போது கூட்டத்தோடு நீங்கள் கரைப் பக்கம் நின்று கடலைப் பார்த்துத்தான் எடுப்பீர்கள். வானம் வெள்ளை வெளேரென்று இருக்கும். சாமியைத் தோளில் தூக்கி நிற்கிறவர்களின் முகமெல்லாம் கரி. முகத்துக்கு வெளிச்சம் வைத்தால் வானமும் அலையும் வெளுத்துப்போகும். வானத்துக்கு வைத்தால் முகம் போய்விடும். இப்படிப்பட்ட இடத்தில் வானத்துக்கு வைத்து, கேமரா சமைக்காமல் அப்படியே தரும் ரா ஃபைலில் எடுத்து, வீட்டில் வந்து நிழலைத் தூக்குவோம். இரண்டரை, மூன்று ஸ்டாப் தூக்க வேண்டியிருக்கும். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு.

டி3500-லும் ஏ6000-லும் அப்படித் தூக்கினால் முகம் சுத்தமாக எழுந்து வரும். 1500டி-யில் தூக்கினால் கறுப்புச் சட்டையிலும் முடியிலும் மணல் தூவியது போலப் புள்ளியும், சில சமயம் கோடு கோடாகவும் தெரியும். காரணம், 1500டி 2018-ல் வந்தாலும் அதன் சென்சார் பழைய தலைமுறை. சென்சாரில் விழும் வெளிச்சத்தை எண்ணாக மாற்றும் வேலை அதில் சென்சாருக்கு வெளியே தனிச் சில்லில் நடக்கிறது. போகிற வழியில் இரைச்சல் சேர்ந்துகொள்கிறது. மற்ற இரண்டிலும் அந்த வேலை சென்சாரிலேயே முடிந்துவிடுகிறது. கேனனும் 2016-ல் வந்த 80டி-யிலிருந்து இந்த முறைக்கு மாறிவிட்டது. ஆனால் 1500டி-க்கு அது வந்து சேரவில்லை. ஆக, கேனன் மோசம் என்று இதற்கு அர்த்தமில்லை. அந்த ஒரு மாடல் இந்த ஒரு வேலையில் பின்தங்கியது. கம்பெனிப் பெயரை வைத்துச் சண்டை போடுவதைவிட மாடலைப் பார்ப்பது ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது பாட்டியின் சமையல். இந்த இடத்தில் உங்கள் பட்டியல் முழுவதுமே அடிபட்டுப்போகிறது. 1500டி, டி3500, ஏ6000 மூன்றிலும் வெளி மைக் செருகும் துளை கிடையாது. பெரும்பாலும் கேமராவுக்குள்ளேயே இருக்கும் சின்ன மைக்கில்தான் பதிவாகும். அடுப்படியில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும், குக்கர் விசில் வரும், கடுகு வெடிக்கும். பாட்டி நான்கடி தள்ளி நின்று "புளியக் கெட்டியாக் கரைச்சுக்கோ" என்று மெதுவாகச் சொல்வது அதில் மூழ்கிவிடும். படம் சுமாராக இருந்தாலும் ஜனங்கள் பார்ப்பார்கள். சத்தம் கேட்கவில்லை என்றால் அரை நிமிடத்தில் போய்விடுவார்கள். போனில் தனியாகக் குரலைப் பதிந்து பிறகு சேர்க்கலாம், ஆனால் வாரா வாரம் அந்த வேலையைச் செய்ய அலுத்துவிடும்.

மைக் போக, ஃபோகஸும் இருக்கிறது. 1500டி-யிலும் டி3500-லும் திரையைப் பார்த்து எடுக்கும்போது ஆட்டோ ஃபோகஸ் தடுமாறும். வாணலியிலிருந்து ஆவி எழும்பினால் முன்னும் பின்னும் போய்த் தேடிக்கொண்டே இருக்கும். ஏ6000 இதில் எவ்வளவோ மேல். ஆனால் அதன் திரை முன்பக்கம் திரும்பாது. தனியாக உட்கார்ந்து உங்களை நீங்களே எடுக்க முடியாது.

பேட்டரி விஷயத்தில் டி3500-ஐ எவ்வளவு பாராட்டினாலும் தகும். கம்பெனிகள் பொதுவாகப் பின்பற்றும் சோதனைக் கணக்கில் ஒரு சார்ஜுக்கு 1,550 படம். 1500டி-க்கு 500, ஏ6000-க்கு 360. விடியற்காலை நான்கு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி மதியம் திரும்பும் நாளில் இந்த வித்தியாசம் என்னவென்று புரியும். சோனி வாங்கினால் இன்னும் இரண்டு பேட்டரிக்குக் காசு எடுத்து வையுங்கள்.

ஸ்டுடியோ வேலைக்குப் போகும் எண்ணம் இருக்கிறவர்களுக்காக ஒரு விஷயம். 1500டி-யின் ஃப்ளாஷ் மாட்டும் இடத்தைக் குனிந்து பாருங்கள். மற்றக் கேமராக்களில் நடுவில் வட்டமாக ஒரு பின் இருக்கும், இதில் இருக்காது. கேனன் அதை எடுத்துவிட்டது. தள்ளி வைத்த ஃப்ளாஷை வயரில்லாமல் எரிய வைக்க நம் ஊர் ஸ்டுடியோக்களில் கிடக்கும் விலை குறைந்த டிரிக்கர்களும் பழைய ஃப்ளாஷ்களும் அந்த ஒரு பின்னை நம்பித்தான் எரிகின்றன. என்னிடம் உதவிக்கு வந்த ஒரு பையன் புதுக் கேமராவோடு வந்து, அரை மணி நேரம் டிரிக்கரை மாட்டி மாட்டிப் பார்த்துவிட்டு, டிரிக்கர்தான் பழுது என்று நினைத்துக்கொண்டிருந்தான். முகம் வாடிப்போயிருந்தது. வாங்கும்போது யாரும் சொல்லவில்லை. கேனனுக்கென்றே செய்த ஃப்ளாஷும் டிரிக்கரும் வாங்கினால் வேலை செய்யும், ஆனால் அது தனிச் செலவு. பின்னால் நான் சொல்லப்போகும் கேனன் 200டி மார்க் 2-விலும் இதே கதைதான்.

சரி, மாமாவின் லென்ஸ். இதைத்தான் நான் ஆவலோடு எழுத நினைத்தேன்.

நிக்கானில் லென்ஸ் மாட்டும் வாயான எஃப் மவுன்ட் 1959-லிருந்து வருகிறது. அந்த 50 எம்எம் 1.8டி லென்ஸ் டி3500-ல் சிக்கென்று உட்காரும். ஆனால் ஃபோகஸ் தானாக ஆகாது. அந்தக் காலத்து லென்ஸுக்குள் மோட்டார் இல்லை. கேமராவுக்குள் இருக்கும் மோட்டார்தான் ஒரு சின்னத் திருப்புளி மாதிரியான முனையால் லென்ஸைச் சுற்றும். கேமராவின் வட்ட வாயில் கீழ் இடது பக்கம் உற்றுப் பார்த்தால் அந்த முனை தெரியும். டி3500, டி5600 மாதிரியான ஆரம்பநிலை நிக்கான்களில் அது கிடையாது. ஆக, அந்த லென்ஸின் வெளிச்ச அளவு வளையத்தை எஃப் 22-ல் வைத்துப் பூட்டிவிட்டு, கையால் சுற்றித்தான் ஃபோகஸ் பிடிக்க வேண்டும். சரியாக வந்தால் வியூஃபைண்டரில் ஒரு பச்சைப் புள்ளி எரியும். கொலு, சமையல் பாத்திரம், உட்கார்ந்திருக்கும் பாட்டி, இதற்கெல்லாம் அது போதும். ஓடுகிற குழந்தைக்கும் ஆடி அசைந்து வருகிற தேருக்கும் போதாது.

மோட்டார் உள்ள நிக்கான் வேண்டுமென்றால் டி7100, டி7200 என்று போக வேண்டும். பழையது கிடைக்கும். 24 மெகாபிக்சல், மைக் துளை உண்டு, மாமாவின் லென்ஸ் விர்ரென்று ஃபோகஸ் ஆகும். ஆனால் டி7200 பேட்டரியோடு 765 கிராம். லென்ஸும் சேர்ந்தால் ஒரு கிலோவைத் தொடும். வீடியோவில் திரை வழி ஃபோகஸ் அதிலும் சுமார்தான்.

ஒரு லென்ஸுக்காக மட்டும் ஒரு கம்பெனியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். 50 எம்எம் 1.8 என்பது எல்லாக் கம்பெனியிலும் மிக விலை குறைந்த லென்ஸ்களில் ஒன்று. வீட்டு விசேஷத்துக்கு அது கட்டாயம் வேண்டும், அதில் சந்தேகமில்லை. கேமராவோடு வரும் 18-55 லென்ஸ் 55-ல் எஃப் 5.6 வரைதான் திறக்கும். இந்த எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும். எஃப் 1.8 என்றால் கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். கோயில் உள்மண்டபத்தில் வெளிச்சத்தை உணரும் அளவான ஐஎஸ்ஓவை 6400 வைக்க வேண்டிய இடத்தில் 800-க்கும் கீழே வைத்து எடுக்கலாம். கேமராவை மாற்றினால் வராத முன்னேற்றம் இந்த ஒரு லென்ஸில் வந்துவிடும். ஆனால் இந்தக் கேமராக்களின் சென்சார் சின்னது என்பதால் 50 எம்எம் 75, 80 எம்எம் போல நெருக்கிக் காட்டும். பத்துக்குப் பத்து அறையில் நாலு பேரை நிற்க வைத்து எடுக்க முதுகு சுவரில் முட்டும். அதற்கு நிக்கானில் 35 எம்எம் 1.8ஜி, கேனனில் 24 எம்எம் 2.8 என்று தனியே இருக்கின்றன.

லென்ஸ் விஷயத்தில் விலைப்பட்டியலைவிட நான் பெரிதாக நினைப்பது ஒன்று உண்டு. சைக்கிளில் போய்வரும் தூரத்தில் யாரிடம் என்ன மவுன்ட் இருக்கிறது? நான் வளர்ந்ததே இரவல் லென்ஸில்தான். ஒரு சனிக்கிழமைக்கு அகலமான லென்ஸ் தேவைப்படும், அடுத்த தெரு அண்ணனிடம் வாங்கிக்கொண்டு திங்கட்கிழமை திருப்பிக் கொடுப்பேன். பதிலுக்கு அவருக்கு என் ஃப்ளாஷ். மஞ்சக்குப்பத்திலும் திருப்பாப்புலியூரிலும் இருக்கிற இரண்டு மூன்று ஸ்டுடியோக்காரர்களிடம் போய்ப் பேசிப் பாருங்கள். உங்கள் கல்லூரியில் யாரிடம் என்ன இருக்கிறது என்று விசாரியுங்கள். நான்கு பேரிடம் கேனன் இருந்தால், அது உங்களுக்கு எட்டு லென்ஸ் கிடைத்த மாதிரி.

பறவைக்கு வருவோம். ஊசுட்டேரியில் நத்தை குத்தி நாரையும் நீர்க்காகமும் கரையிலிருந்து ரொம்பத் தூரத்தில் உட்கார்ந்திருக்கும். 18-55-ல் எடுத்தால் புள்ளிதான். கேனனில் 55-250 எஸ்டிஎம் என்ற லென்ஸ் 400 எம்எம் அளவுக்கு இழுத்துக் காட்டும், நடுக்கம் தாங்கும், எடையும் குறைவு. நிக்கானில் ஏஎஃப்-பி 70-300, அது 450 வரை போகும். அதில் விஆர் என்ற நடுக்கம் தாங்கும் வசதி உள்ளது, இல்லாதது என்று இரண்டு உண்டு. லென்ஸ் மேல் விஆர் என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். சோனியில் விலை குறைந்தது 55-210, அது 315-ல் நின்றுவிடும். அதற்கு மேல் வேண்டுமென்றால் லென்ஸ் விலை உங்கள் பட்ஜெட்டைத் தாண்டும். ஏ6000 விநாடிக்கு 11 படம் எடுக்கும், பறக்கிற பறவையைத் துரத்திப் பிடிக்கும். மூன்றில் அதுதான் அதற்குத் தோதான உடம்பு. ஆனால் கைக்கு எட்டிய விலையில் அதற்கு நீளமான கண் இல்லை. இது ஒரு வருத்தமான பொருத்தமின்மை.

இனி, பட்டியலுக்கு வெளியே. டி3500 தயாரிப்பு நின்றுவிட்டது. டி5600-ம் அப்படியே. நிக்கான், கேனன் இரண்டும் 2018-ல் புது மவுன்ட்டுக்கு மாறி, இப்போது கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களில்தான் முழு கவனம் வைத்திருக்கின்றன. "அப்போ டிஎஸ்எல்ஆர் செத்துப்போச்சா?" என்று கேட்பார்கள். உள்ளே கண்ணாடி வைத்த அந்த டிஎஸ்எல்ஆர் வகையில் புது மாடல் வராது என்பது உண்மைதான். ஆனால் இருக்கிற லென்ஸ்கள் மலிந்து கிடக்கின்றன. படிக்கிற பிள்ளைக்கு அது லாபம். தவிர, கேனனின் பழைய இஎஃப் லென்ஸ்களை ஓர் அடாப்டர் போட்டுப் புது ஆர் வரிசைக் கேமராவில் ஆட்டோ ஃபோகஸோடு மாட்டலாம். நிக்கானிலும் அடாப்டர் உண்டு, ஆனால் மாமாவின் டி வகை லென்ஸுக்கு அங்கேயும் ஆட்டோ ஃபோகஸ் வராது.

புதிதாகவே வாங்க வேண்டும் என்றால் கேனன் ஆர்100, நிக்கான் இசட்30 இரண்டையும் கடையில் கேட்டுப் பாருங்கள். இரண்டிலும் மைக் துளை உண்டு. இசட்30-ல் வீடியோ மிக நன்றாக வரும், திரை முன்னால் திரும்பும். ஆனால் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் கிடையாது. பகல் பதினோரு மணிக்கு சில்வர் பீச்சில் நின்று அந்தத் திரையைப் பாருங்கள், உங்கள் முகம்தான் தெரியும். ஆர்100-ல் வியூஃபைண்டர் உண்டு, ஆனால் திரை அசையாது, தொட்டாலும் வேலை செய்யாது. ஆர்50-ல் இந்தக் குறையெல்லாம் இல்லை, விலைதான் கூட. அதன் ஃப்ளாஷ் மாட்டும் இடமும் புது வகை, பழைய கேனன் ஃப்ளாஷுக்குத் தனி அடாப்டர் கேட்கும்.

நீங்கள் சொன்ன நான்கு வேலையையும் வைத்துப் பார்த்தால், நான் என் சொந்தத் தங்கைக்கு வாங்கிக் கொடுப்பது பழைய கேனன் 200டி மார்க் 2. 2019-ல் வந்தது. சென்சார் புதுத் தலைமுறை, மாசி மகத்து நிழலைத் தூக்கலாம். திரையைப் பார்த்து எடுக்கும்போது டூயல் பிக்சல் என்ற ஃபோகஸ் முறை பாட்டியின் முகத்தை விடாது பிடிக்கும். 4கே-வில் மட்டும் அந்த ஃபோகஸ் கிடையாது, 1080-லேயே எடுங்கள், சமையல் வீடியோவுக்கு அது தாராளம். திரை எல்லாப் பக்கமும் திரும்பும். மைக் துளை உண்டு. பேட்டரி வியூஃபைண்டர் வழியாக எடுத்தால் 1,070 படம். எடை 449 கிராம்தான். மிச்சப் பணத்தில் பழைய 55-250-ம் ஒரு 50 எம்எம் 1.8-ம், காலர் மைக் ஒன்றும். பட்ஜெட் இடிக்கிறது என்றால் 55-250-ஐ ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள், மைக்கைத் தள்ளிப்போடாதீர்கள். வீடியோ வேண்டாம், படம் மட்டும் போதும் என்று நீங்கள் முடிவு செய்தால், உங்கள் மூன்றில் டி3500-தான் என் ஓட்டு.

எதை வாங்கினாலும் ஒரு முறை கையில் பிடித்துப் பாருங்கள். டி3500-ன் பிடி ஆழமாக இருக்கும், விரல்கள் நன்றாகச் சுற்றிக்கொள்ளும். ஏ6000 சின்னது, பலருக்குச் சுண்டுவிரல் கீழே அந்தரத்தில் நிற்கும். நீண்ட லென்ஸ் மாட்டினால் மணிக்கட்டு வலிக்கும். பத்து நிமிடம் கடையில் பிடித்துக்கொண்டு நின்றாலே தெரிந்துவிடும்.

பழையது வாங்கப் போகும்போது சொந்த மெமரி கார்டு எடுத்துக்கொண்டு போங்கள். லென்ஸை எஃப் 22-ல் வைத்து வெறும் வானத்தை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், சென்சாரில் தூசி இருந்தால் கறுப்புப் பொட்டாகத் தெரியும். தூசி போகட்டும், துடைத்துவிடலாம். கோடோ கீறலோ தெரிந்தால் வந்துவிடுங்கள். லென்ஸின் ஒரு பக்கம் போன் டார்ச்சை அடித்து மறுபக்கம் சாய்த்துப் பாருங்கள், உள்ளே பூஞ்சை இருந்தால் தெரியும். மவுன்ட்டின் திருகுகளில் தலை தேய்ந்திருந்தால் யாரோ கழற்றியிருக்கிறார்கள். ஷட்டர் எத்தனை முறை அடித்தது என்ற எண்ணிக்கையை நிக்கான் ஒவ்வொரு படத்துக்குள்ளும் எழுதி வைக்கும், சுலபமாகப் பார்க்கலாம். கேனனின் இந்த வகைகளில் படத்தில் அது இருக்காது, வயர் மாட்டி மென்பொருளில் பார்க்க வேண்டும். விற்கிறவரிடமே காட்டச் சொல்லுங்கள். பில்லும் பெட்டியும் கேளுங்கள், பில்லில் உள்ள சீரியல் எண் கேமராவின் அடியில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். நான் ஒரு முறை விலை குறைகிறதே என்று பில் இல்லாமல் புது லென்ஸ் வாங்கினேன். இரண்டாம் மாதம் ஃபோகஸ் நின்றுபோனது. வாரன்ட்டி இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பணம் போனது போனதுதான்.

பாண்டிக்கு வந்து வாங்கினால் மலிவு என்று இன்னமும் கடலூரில் சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் இங்கே வரி குறைவு என்பதால் வந்த பேச்சு அது. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்த பிறகு இரண்டு ஊரிலும் வரி ஒன்றுதான். நேரு வீதிக் கடைகளை வந்து பாருங்கள், நான்கு மாடலைப் பிடித்துப் பார்க்கலாம், ஆனால் விலையில் பெரிய வித்தியாசத்தை எதிர்பார்த்துப் பஸ் ஏற வேண்டாம்.

கடைசியாக, எந்தக் கம்பெனி என்பதைவிட நம் ஊரில் கேமராவின் ஆயுளை முடிவு செய்யும் விஷயம்: பூஞ்சை. 2015 நவம்பர், டிசம்பர் மழையில் கடலூரே மூழ்கிக் கிடந்த சமயம் இங்கேயும் விடாத மழை. என் 50 எம்எம் லென்ஸை அதன் துணிப் பையிலேயே போட்டு பீரோவில் வைத்திருந்தேன். பொங்கலுக்கு எடுத்துப் பார்த்தால், கண்ணாடியின் ஓரத்திலிருந்து உள்நோக்கி மெல்லிய வெள்ளை இழைகள், சிலந்தி வலையின் ஒரு மூலையைப் பிய்த்து ஒட்டியது போல. சென்னைக்கு அனுப்பிச் சுத்தம் செய்தேன். இழை போனது, ஆனால் கண்ணாடி மேல் பூசியிருந்த பூச்சில் அது ஊர்ந்த தடம் போகவில்லை. இன்றைக்கும் எதிர்வெளிச்சத்தில் அந்த லென்ஸ் படத்தை மங்கலாக்கும்.

ஆகவே கேமரா வாங்கும் அன்றைக்கே மூடியில் ரப்பர் வளையம் உள்ள காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். மீட்டர் 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 60-க்கு மேல் பல நாள் நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ஆரஞ்சு நிற ஜெல் ஈரம் குடித்தால் பச்சையாகும். சமையலுக்குப் பயன்படுத்தாத பழைய வாணலியில் சிறு தீயில் வறுத்தால் மறுபடி ஆரஞ்சாகும், திரும்பப் போட்டுக்கொள்ளலாம். அரிசி போடாதீர்கள், மாவுத் தூசிதான் சேரும். பாச்சா உருண்டையும் கூடாது. கேமராவோடு வரும் பை வெளியே எடுத்துப் போகத்தான், உள்ளே வைத்துப் பூட்ட அல்ல. கடற்கரையில் லென்ஸைக் கழற்றி மாற்றாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் லேசாக ஈரமாக்கிப் பிழிந்த துணியால் உடம்பைத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் துடையுங்கள். உப்பு உலர்ந்த துணிக்கு மட்டும் வராது. ஏசி மண்டபத்திலிருந்து வெளியே புழுக்கத்துக்கு வரும்போது பையை மூடியபடியே இருபது, முப்பது நிமிடம் வையுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடி வியர்த்துவிடும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக்குப் போய் அந்தப் பழைய பையை முழுசாகக் கொட்டிப் பாருங்கள். 50 எம்எம்-மை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து அந்த வெள்ளை இழை இருக்கிறதா என்று பாருங்கள். அதோடு வேறு லென்ஸ் ஏதாவது பையில் கிடக்கிறதா என்றும் தேடுங்கள். அந்தக் காலத்தில் 35-70-ம், 70-210-ம் சேர்த்து வாங்கி வைத்தவர்கள் நிறையப் பேர். கண்ணாடி சுத்தமாக இரண்டு மூன்று லென்ஸ் கிடைத்தால் கணக்கே மாறிவிடும், அப்போது எடையைப் பார்க்காமல் பழைய டி7200 தேடலாம். லென்ஸ்களின் மேல் எழுதியிருப்பதை அப்படியே குறித்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.